ஒலிபெருக்கியில் வந்த இரட்சிப்பு

நான் இரட்சிக்கப்பட்ட செய்தி எனக்கு ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

மார்கழி மாதத்து ஞாயிறு. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் எங்கள் ஊர் நிறுத்தத்தைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை வரும். அதுதான் சபை. எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில் என் பைக், பைக் மேல் நான். என் மனைவி மல்லிகாவைக் காலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பது என் பல வருட வழக்கம். உள்ளே போனதில்லை. ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், வீட்டுக்குப் போய்த் திரும்பி வரப் பெட்ரோல் ஆகும் என்பேன்.

அன்றைக்குப் பனி விலகி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்களில் சம்பா பால் பிடித்து நின்றது. நான் வறுத்த கடலையைத் தோல் ஊதித் தின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே சாட்சி நேரம். பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை மைக்கைப் பிடித்து நாலு பேர் முன்னால் சொல்வதுதான் சாட்சி. மாடு கன்று போட்டதிலிருந்து மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததுவரை எல்லாம் அதில் வரும். மரத்தடியில் உட்கார்ந்தபடியே ஊர் நிலவரம் முழுவதையும் நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

அடுத்து மல்லிகாவின் குரல் கேட்டது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காரரு கலியபெருமாள ஆண்டவர் இரட்சிச்சிட்டாரு. அதுக்காக நன்றி சொல்றேன்."

உள்ளே அல்லேலூயா என்று ஒரு சத்தம் எழுந்தது. தகரம் அதிர்ந்தது. எங்கள் பக்கம் கலியபெருமாள்கள் அதிகம். அதனால் வேறு யாரையோ சொல்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மல்லிகாவின் வீட்டுக்காரர் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

வாழ்த்த வந்தவர்கள்

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் நேராக மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வயதான அம்மாள் ஒருவர் என் கன்னத்தைத் தடவிக் கண்ணீர் விட்டார். யாரோ ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் பைக்கில் மாட்டினார்கள். சபைக் காரியங்களைப் பார்க்கும் பெரியவர், மூப்பர் சாமுவேல், என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை.

"எத்தன வருஷமா இந்த மரத்தடியில இருந்தீங்க பிரதர். வசனம் விழ வேண்டிய எடத்துல விழுந்துருச்சு பாத்தீங்களா?"

நான் வாயில் இருந்த கடலையை விழுங்கினேன். அதை அவர்கள் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் அந்தச் சபையின் ஒரு வழக்கத்தை விளக்கியாக வேண்டும். அங்கே கிடைத்ததற்கு மட்டும் சாட்சி சொல்வதில்லை. கிடைக்கப்போவதற்கும் முன்கூட்டியே நன்றி சொல்வார்கள். விசுவாச சாட்சி என்று பெயர். வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டவர், கடன் வந்துவிட்டது, ஸ்தோத்திரம் என்பார். கடன் வரவில்லை என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் ஏமாறுவதில்லை. ஆமென் சொல்லிவிட்டுக் கூடவே ஜெபிப்பார்கள்.

என் விஷயத்தில்தான் சிக்கல். கடன் வந்ததா என்று பேங்கில் போய்க் கேட்கலாம். என் உள்ளே என்ன நடந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது? ஆள் வேறு வாரம் தவறாமல் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். நடந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன்.

"என்ன மல்லிகா இப்படிப் பண்ணிட்ட?"

"வாயில வந்துடுச்சுங்க" என்றாள் பின்னால் இருந்து.

"நான் உக்காந்திருக்கறது தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் வந்துச்சு."

வாழைப்பழம் வழி முழுக்க என் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது.

கம்பத்துக்காரன் முகம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். மின்சார லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். கரண்ட் இருக்கும்போது யாரும் எங்களை நினைப்பதில்லை. போனால் எங்கள் வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரையும் சேர்த்து நினைப்பார்கள். இப்படி முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவன் முகம் எப்படி இருக்கும்? கல்யாண ஆல்பத்திலேயே நான் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த இடத்தைப் பார்வையிட வந்தவன் மாதிரிதான் நிற்கிறேன்.

மல்லிகா அதற்கு நேர்மாறு என்று சொல்லமுடியாது. கல்யாணமான புதிதில் அவளும் சாதாரணமாகத்தான் இருந்தாள். எல்லோரையும் போல் சிரிப்பாள், எல்லோரையும் போல் சண்டை போடுவாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இதை இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை. எழுத அதில் சம்பவம் என்று ஒன்றும் இல்லை. நடக்காத ஒன்றை எங்கிருந்து தொடங்கி எங்கே முடிப்பது?

போகாத கோயில் இல்லை. சீர்காழிப் பக்கம் ஒரு வைத்தியர் கொடுத்த சூரணத்தை இருவரும் மாதக்கணக்கில் தின்றோம். எனக்குப் பசி மட்டும் அதிகமானது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர், இனிமேல் அலையவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் மல்லிகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். மன்னார்குடி வந்ததும், டீ சாப்பிடுறியா என்று கேட்டேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சர் அவளைச் சபைக்குக் கூப்பிட்டார். நான் தடுக்கவில்லை. எத்தனையோ இடம் பார்த்தாயிற்று, இதையும் பார்த்துவிடலாம் என்றுதான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். குழந்தை வந்தால் நல்லது, வராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

குழந்தை வரவில்லை. சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னேன்.

"இங்கயும் ஒண்ணும் நடக்கல. போதும் மல்லிகா, நிறுத்திக்கலாம்."

"நான் இப்ப அதுக்காகப் போகலைங்க."

"பின்ன எதுக்கு?"

"சந்தோஷமா இருக்கு."

"என்ன இருக்கு சந்தோஷப்படறதுக்கு?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "தெரியல. ஆனா இருக்கு" என்றாள்.

ரிட்டர்ன் சப்ளை

எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. மெயினை அணைத்துவிட்டுக் கம்பம் ஏறுவோம். அப்படியும் சில நேரம் கம்பியில் கரண்ட் இருக்கும். எங்கேயோ ஒரு கல்யாண மண்டபத்தில் யாரோ ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள், அது திரும்பி வருகிறது என்று அர்த்தம். அதன் மூலம் எது என்று கண்டுபிடிக்காமல் கம்பியைத் தொடக்கூடாது. தொட்டவர்கள் படம் ஆபீசில் மாட்டியிருந்தது.

மல்லிகாவின் சந்தோஷத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். அணைக்கவேண்டிய மெயின் எல்லாம் அணைந்துவிட்டது. அப்படியும் எரிகிறது என்றால் எங்கேயோ ஒரு மூலம் இருக்கவேண்டும். அதைத் தேடினேன்.

சபையில் காசு கொடுக்கிறார்களா என்று பார்த்தேன். கொடுக்கவில்லை, மாதக் கடைசியில் பாய் கூட்டிப் பெருக்கும் வேலைதான் கொடுத்திருந்தார்கள். நாலு பேர் முன்னால் பாடுகிறாளே, அந்தப் பெருமையாக இருக்குமோ என்று நினைத்தேன். அவளுக்குக் குரல் நன்றாக இருக்கும். ஆராதனையில் பாட்டு நடத்துவது அவள்தான். ஞாயிற்றுக்காக வாரம் முழுக்கச் சமையல்கட்டில் பாடிப் பார்ப்பாள். ஆக, பாட்டுதான் மூலம் என்று முடிவுக்கு வந்து நிம்மதியாக இருந்தேன்.

அந்த முடிவைக் கெடுத்தது புயல்.

கார்த்திகையில் வந்த அந்தப் புயலை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு விவரித்தாலும் புரியாது. என் அப்பா வைத்துவிட்டுப் போன தென்னந்தோப்பு ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துவிட்டது. அதைப் போய்ப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. வாரக்கணக்கில் ஊர் ஊராகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் துணி மாற்ற வீட்டுக்கு வந்தேன். வெளி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த லைன்மேன்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். விழுந்த மரங்களிலிருந்து இளநீர் பறித்து மல்லிகா அவர்களுக்குச் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"தோப்பே போச்சு. ஒனக்கு என்ன பாட்டு வேண்டிக்கெடக்கு?"

"தோப்பு போனது எனக்கும் தெரியுதுங்க. காலையிலேருந்து அழுதுட்டுதான் இருந்தேன். இப்ப அழுது முடிஞ்சுது" என்று சொல்லி எனக்கும் ஒரு இளநீரை நீட்டினாள்.

அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து ரோஸ்லின் டீச்சரிடம் போய்க் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. இது அதுதான்" என்றார். எது என்று சொல்லவில்லை.

மேட்டூர் அணையும் என் ஆத்துமாவும்

இப்போது அந்த மார்கழிக்குத் திரும்புகிறேன். அதாவது புயலுக்குச் சில வருடங்கள் கழித்து, நான் ஒலிபெருக்கியில் இரட்சிக்கப்பட்ட மார்கழிக்கு.

இரட்சிக்கப்பட்டவன் அடுத்தபடியாக ஞானஸ்நானம் எடுக்கவேண்டும். அந்தச் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் செல்லாது. ஆளை முழுதாக முக்கி எடுக்கவேண்டும். கொட்டகையில் தொட்டி கிடையாது. வாய்க்கால்தான். எங்கள் ஊரோ கடைமடை. மேட்டூரில் வைகாசி கடைசியில் திறந்தால் எங்களுக்கு ஆடியில் வரும். தை பாதியில் மூடினால் எங்களுக்குத்தான் முதலில் நிற்கும்.

மூப்பர் சாமுவேல் விவசாயி. தண்ணீரும் வேதமும் அவருக்கு அத்துப்படி. இரண்டிலும் தாமதம் பிடிக்காது. பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தையில அணைய மூடிடுவாங்க பிரதர். அதுக்குள்ள முடிச்சிடணும். இல்லன்னா நீங்க ஆடி வரைக்கும் காயணும்."

பாஸ்டர் ஜெயசீலன் மென்மையான மனிதர். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார்.

மல்லிகா காப்பி டம்ளரோடு நின்றாள். நான், பார்க்கலாம் என்றேன். எங்கள் ஆபீசில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள். சபையில் அது சம்மதமாகிவிட்டது. நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ரோஸ்லின் டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"அண்ணே, ஒங்க முகத்தப் பாத்தாலே எனக்குத் தெரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன். இல்லாதத இருக்குன்னு சாட்சி சொன்னதா ஆச்சுன்னா, மூப்பர் விடமாட்டாரு. அக்காவ பாட விடமாட்டாங்க. பந்தியில சேக்காம கடைசி வரிசையில உக்கார வச்சிடுவாங்க."

பந்தி என்று அவர் சொன்னது திருவிருந்தை. ஆக, வாய்க்காலில் இறங்கினால் நான் பொய்யன். இறங்காவிட்டால் அவள் பொய்க்காரி. ஒரு முழுக்குதானே, போட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். சபரிமலைக்குப் போய்வந்தவனுக்குத் தண்ணீர் என்ன புதிதா? வெள்ளைச் சட்டைகூட எடுத்துவிட்டேன்.

குறித்த நாள் காலையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது மல்லிகா என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்களுக்கு வரலன்னா எறங்காதீங்க."

"இப்ப வந்து சொல்றியே? எல்லாரும் வந்து நிப்பாங்க. ஒன் மானம் போயிடும்."

"அது என் பாடு. எனக்காகன்னு எறங்கிடாதீங்க. அது வேண்டாம்."

ஒலிபெருக்கியில் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அவங்க எல்லாரும் எத்தனையோ தடவ சொன்னாங்கள்ல, கொழந்தைக்கு முன்கூட்டியே சாட்சி சொல்லுன்னு. அதுக்கெல்லாம் வாயத் தொறக்கல. எனக்கு மட்டும் ஏன் சொன்ன?"

அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"கொழந்த இல்லாமலும் சந்தோஷமா இருக்க முடியுதுங்க. அத ஆண்டவர் எனக்குக் காட்டிட்டாரு. ஒங்கள வெளியில விட்டுட்டு உள்ள இருக்கறதுதான் முடியல."

நான் பைக்கை எடுத்தேன்.

வாய்க்கால் கரையில்

முறை வைத்துத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வாய்க்காலில் முழங்காலுக்கு மேல் தேறாது. பாஸ்டர் நடுவில் நின்றார். எனக்கு முன்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். நின்றபடி முக்க ஆழம் பற்றாததால் உட்காரவைத்துப் பின்னால் சாய்த்து முக்கினார்கள். கரையில் எல்லோரும் பாடினார்கள். நடத்தியது மல்லிகா.

பிறகு மூப்பர் என் பெயரைச் சொன்னார்.

நான் செருப்பைக் கழற்றினேன். கரைச் சரிவில் ஒரு அடி வைத்தேன். அதற்கு மேல் கால் போகவில்லை. காலையில் அவள் சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

"பாஸ்டர், எனக்கு இன்னும் வரல" என்றேன்.

பாட்டு நின்றது. மூப்பர் என்னைப் பார்க்கவில்லை, மல்லிகாவைப் பார்த்தார். எல்லோரும் மல்லிகாவைப் பார்த்தார்கள்.

அவள் கொஞ்சமும் குரல் தாழ்த்தாமல் சொன்னாள். "நான்தான் முந்திச் சொல்லிட்டேன். அவரு மேல தப்பு இல்ல. அவரு நெசத்தச் சொல்றாரு."

வீட்டுக்கு வரும் வழியில் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லிக் கத்திரிக்காய் வாங்கினாள்.

கடைசி வரிசை

டீச்சர் சொன்னபடியே ஆயிற்று. சில மாதங்களுக்கு மல்லிகா பாட்டு நடத்தக்கூடாது, மைக்கைத் தொடக்கூடாது, திருவிருந்து கிடையாது, இடம் கடைசி வரிசை. மூப்பர் கெட்டவர் இல்லை. ஊர் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் சொன்ன விஷயம், சும்மா விட்டால் நாளைக்கு யார் என்ன சொல்வார்கள் என்பது அவர் நியாயம். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

"அங்க இனிமே போகவேண்டாம்" என்றேன்.

"போகணும்ங்க. பத்து மணிக்குக் கெளம்பிடுவோம்" என்றாள்.

மரத்தடியில் பழையபடி உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் எனக்குக் கேட்டது அவள் குரல்தான். ஆளைப் பார்த்ததில்லை, முன்வரிசையில் இருப்பாள். இப்போது பாட்டு நடத்தியது வேறொரு பெண். சுருதியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மல்லிகாவோ பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில், வாசலை ஒட்டி, செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மரத்தடியிலிருந்து அவள் முகம் நேராகத் தெரிந்தது.

நான் கவனமாகப் பார்த்தேன். மூலத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சமயம் வராது. பாட்டுதான் மூலம் என்றால் அது அணைந்துவிட்டது. மரியாதைதான் மூலம் என்றால் அதுவும் போய்விட்டது. அவமானப்பட்டவர்கள் முகம் எனக்குத் தெரியும். கோயில் திருவிழாவுக்குக் கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடி மாட்டியவர்கள் முகத்தை எத்தனை பார்த்திருக்கிறேன்.

மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவதுதான் தெரிந்தது. அவள் முன்னால் எல்லோருடைய முதுகும். பின்னால் செருப்புகள். அவளைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. யாருக்கும் காட்டுவதற்காக இல்லாத சந்தோஷம்.

அடுத்த வாரமும் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரமும் இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு, பைக்கை விட்டு இறங்கினேன். வெயில் தாங்காமல் உள்ளே போனான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மரநிழலை விட்டுவிட்டுத் தகரக் கொட்டகைக்குள் வெயிலுக்காக யாரும் போகமாட்டார்கள்.

ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். மூப்பர் எழுந்தார், பாஸ்டர் கையை லேசாக அசைத்ததும் உட்கார்ந்துவிட்டார். ஜெப நேரத்தில் எல்லோரும் முழங்காலில் நின்று ஆளுக்கொரு பக்கம் சத்தமாக ஜெபித்தார்கள். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் நானும் வாயைத் திறந்தேன். எனக்கு ஜெபம் தெரியாது. "இவளுக்குக் கொடுத்தத எனக்கும் கொடு" என்றேன். எங்கே மனுக் கொடுத்தாலும் நான் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

பிறகு அழுதேன். தோப்புக்காக அழுதேன். தஞ்சாவூர் பஸ்ஸுக்காக அழுதேன். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தேன், அதற்காக அழுதேன். கம்பத்திலிருந்து விழுந்து தோள் முறிந்தபோதுகூட அப்படி அழுததில்லை. முடிந்தபோது உள்ளே ஏதோ இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூலத்தைத் தேடுவதை அன்றோடு நிறுத்தினேன்.

அப்போது நான் ஓய்வு பெறவில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. அப்போதும் இருந்தது. ஆடியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது, நான் இறங்கினேன். அந்த வருடம் ஆழம் போதுமானதாக இருந்தது. இப்போது முட்டி வலிக்கிறது. போன தையில் அறுக்கிற நேரத்தில் மழை பெய்து எங்கள் நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. இரண்டு நாள் வருத்தப்பட்டேன். வருத்தத்துக்கு அடியில் அது அப்படியே கிடக்கிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன். முகத்தைப் பார்த்தால் தெரியாது. சிரிங்களேன் என்கிறாள் மல்லிகா. சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு வாய்க்கால் நினைவுக்கு வருவதில்லை. அந்தச் சித்திரை ஞாயிற்றின் மத்தியானம்தான் வருகிறது.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வந்ததும் அவள் நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். நான் கதவோரம் நின்றேன்.

"நான் உள்ள வந்தேன்."

"பாத்தேன்" என்றாள், திரும்பாமல்.

"ஒண்ணும் கேக்கலையே?"

"கேட்டா மறுபடியும் மரத்தடிக்குப் போயிடுவீங்க."

கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

சோறு போட்டு மீன்குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன். கரித்தது. உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறாள். எங்கள் இத்தனை வருட வாழ்க்கையில் அவளுக்கு உப்பு தவறியதில்லை. பெரிய டாக்டர் கைவிரித்த அன்றைக்கு வைத்த ரசத்தில்கூட உப்பு சரியாக இருந்தது.

நான் அடுத்த வாயைப் பிசைந்தேன். அவளும் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் முழுக்கத் தண்ணீர்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.

"ஊத்து" என்றேன்.